பழைய வீட்டுக்கு ஒரு கைப்பிடி

ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிசிரோ தனிஸாகி 1933-ல் நிழலின் அழகைப் பற்றி எழுதிய நீள்கட்டுரையை நம்மில் பலர் ஆங்கிலம் வழியாக வாசித்திருப்போம். மரபான முறையில் வீடு கட்ட விரும்பும் ஒருவன் மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் கண்ணில் படாமல் எங்கே ஒளித்து வைப்பது என்று படுகிற பாட்டில் அக்கட்டுரை தொடங்குகிறது. அங்கிருந்து காகிதத் திரை, அரக்குக் கிண்ணம், கழிப்பறை என்று நகர்ந்து, ஒரு பண்பாடே வெளிச்சத்துக்குப் பலியாகிறது என்ற துயரத்தை அடைகிறது. அதை முதலில் வாசித்தபோது எங்கள் ஊர் வீட்டைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது.

ஆனால் கட்டுரையைவிட இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது, ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் வரும் ஒரு சிறு செய்தி. தனிஸாகி பிற்பாடு புது வீடு கட்ட நினைத்தபோது, கட்டடக் கலைஞர் வந்து, தாம் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பதாகவும் அவருக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பது தமக்குத் தெரியும் என்றும் பெருமையோடு சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் தம்மால் குடியிருக்கவே முடியாது என்று தனிஸாகி பதில் சொன்னாராம். இதைச் சொன்னவர் அவருடைய மனைவி.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது, அழகுபடுத்துவது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சுகளில் பெரும்பாலும் இந்தப் பதில் விடுபட்டுவிடுகிறது. வீட்டைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர், அதில் குடியிருக்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதில் என் பங்குக் குற்றமும் இருக்கிறது.

*

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறது எங்கள் வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் முன்வாசலில் நிற்பவருக்குப் பின்தெருவில் போகும் சைக்கிள் தெரியும். முகப்பின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி. அவளுக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல். ஊஞ்சலுக்கு மேலே ரவிவர்மா அச்சுப்படம், அதற்கு எதிரே சுவரிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி. வாசல் நிலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிச் சில்லுகள். தூண்கள் பர்மாத் தேக்கு. உத்தரங்களுக்கு நடுவே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்பும் உண்டு.

இத்தனை பெரிய வீட்டில் சன்னல் வைத்த படுக்கையறை என்று ஒன்றுகூடக் கிடையாது. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஓர் இரட்டை வீடு. அதாவது வளவை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறு அறைகள். உள்ளறை இருட்டு. சீர்ச் சாமான்களும் பித்தளையும் எனாமல் பாத்திரங்களும் அங்கே குடியிருந்தன. மனிதர்கள் பட்டாலையிலும் வளவின் தாழ்வாரத்திலும் காற்று வரும் பக்கம் பாய் விரித்துப் படுத்தார்கள். நூறு பேர் வந்து இறங்கும் கல்யாணத்துக்காகவும் சாமி கும்பிடுவதற்காகவும் கட்டிய வீடு அது. ஒற்றை ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே உட்கார்வது என்பதைக் கட்டியவர்கள் யோசிக்கவில்லை. யோசிக்கும் தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இன்று அந்த ஒற்றை ஆள் எங்கள் சின்னாத்தாள். 74 வயது. 11 புள்ளிகளில் மற்றவர்கள் சென்னை, பெங்களூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று பிரிந்துவிட்டோம். இரண்டாம் கட்டின் ஒரு மூலையில் சின்னாத்தாளும், பகலில் வந்துபோகும் ஒரு வேலைக்காரப் பெண்ணும், முகப்பில் புறாக்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலைக்கு எங்கள் குடும்பத்தின் சோம்பலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இந்த வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பணத்தில் எழுந்தவை. 1930-களின் பொருளாதார மந்தம் அதை ஆட்டியது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது பலர் கணக்குப் புத்தகத்தையும் விட்டுவிட்டு நடந்தே வந்தார்கள். விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களும் 1960-களின் தேசியமயமும் மிச்சத்தை முடித்தன. வருமானம் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது. கடலுக்கு அப்பால் இருந்த ஊற்று வற்றிய பிறகும் ஓட்டைப் பிரித்து மேயவேண்டிய வேலை வருஷந்தோறும் வந்தது. அப்படித்தான் தூண்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகக் கழன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கும், அங்கிருந்து யாரோ ஒருவருடைய நகர வரவேற்பறைக்கும் போயின. அதை விற்றவர்களைத் திட்டுவது எளிது. மழைக்கு முந்தின மாதம் ஓட்டுக்குப் பணம் புரட்டியவர்களுக்குத்தான் அதன் நியாயம் தெரியும்.

*

எங்கள் வீட்டுக்கு நேர்ந்த முதல் தவறு அலட்சியத்தால் வந்ததல்ல, அக்கறையால் வந்தது. 1994-ல் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு வளவின் கீழ்ச்சுவர்களைக் கொத்திவிட்டு சிமெண்டுப் பூச்சுப் பூசினார்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். தேக்குத் தூண்களுக்குப் பளபளவென்று எனாமல். கல்யாணப் புகைப்படங்களில் வீடு புதுப்பெண்ணைவிடப் பொலிவாக இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, அன்று எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

நாலைந்து ஐப்பசிகள் கழித்துச் சுவர் உப்பத் தொடங்கியது. பெயிண்ட் கொப்பளம் கட்டியது. பிறகு பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. விழுந்த இடத்தில் செங்கல் மாவாக உதிர்ந்தது. சுவர் பழசாகிவிட்டது, இனி இடிக்கவேண்டியதுதான் என்றார்கள். அதே சுவரின் மேற்பகுதியில், சிமெண்டு படாத இடத்தில், நூறு வருஷத்துப் பழைய பூச்சு கன்னத்தைப்போல் மழமழவென்று இருந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதன் சூட்சுமம் எளிமையானது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. மிஞ்சுவதை நீற்றிப் பல நாள் ஊறவைத்து, மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல் சுவராகி, பிறகு கல்லாகத் திரும்பும் பயணம். அப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் உண்டு. அடித்தளம் வழியாக ஏறும் ஓதமும், கசிந்த மழையும் அவற்றின் வழியாக ஆவியாகி வெளியேறும். நம் கொத்தனார்கள் சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்வது இதைத்தான். சிமெண்டுப் பூச்சு அந்த மூக்கைப் பொத்துகிறது. பெயிண்ட் வாயையும் பொத்துகிறது. வெளியேற வழியற்ற ஈரம் செங்கல்லிலுள்ள உப்பைக் கரைத்து, பூச்சுக்குப் பின்னால் படிகமாக்கி, உள்ளிருந்தே நெம்புகிறது. சுவரைக் கெடுத்தது அதன் வயது அல்ல, அதன்மேல் நாம் போட்ட சட்டை.

செட்டிநாட்டின் புகழ்பெற்ற முட்டைப் பூச்சு பற்றி எல்லோரும் அதிசயமாகப் பேசுகிறார்கள். வெள்ளைக்கருவும் சிப்பிச் சுண்ணாம்பும் கடைசி அடுக்கில் வருபவை. அதற்குக் கீழே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த சாந்து அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் காய நாள் கொடுத்து, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். அதில் விலை அதிகமான பொருள் முட்டை அல்ல, அவகாசம். இன்று நம்மிடம் இல்லாததும் அதுதான்.

*

இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது பிற்பாடு. தெரிந்துகொண்டதும் எனக்குத் தூய்மைவாதம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது தவறு என்னுடையது.

வீட்டை முறையாகப் பழுதுபார்க்கலாம் என்று பங்காளிகள் ஒருவழியாகக் கூடியபோது நான் கையில் ஒரு பட்டியலோடு போனேன். சிமெண்டு கூடாது. புதுக் குழாய் கூடாது. இரண்டாம் கட்டுக்குள் கழிப்பறை கூடவே கூடாது. அது கொல்லையில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேற்கத்தியக் கோப்பை என்ற பேச்சே வேண்டாம். பட்டாலையைத் தடுத்து அறை எடுக்கக்கூடாது. வீடு 1909-ல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். சின்னாத்தாள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2019 கார்த்திகையில் ஓர் இரவு, மழையில், கொல்லைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஈரமான கல்படியில் சின்னாத்தாள் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. விடிந்து வேலைக்காரப் பெண் வரும்வரை அடுப்படித் திண்ணையில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். நான் ஊருக்குப் போய் அருகில் உட்கார்ந்தபோது கோபமே இல்லாமல் சொன்னார்: “நீ வருஷத்துல நாலு நாள் வர்றேப்பா. வந்து வீட்டப் பாக்கிற. நாந்தான இங்கன கெடக்கேன்.”

‘வந்து வீட்டப் பாக்கிற’ என்ற அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் வெகுநாள் வரமுடியவில்லை. பார்ப்பதற்கு ஒரு வீடு, கிடப்பதற்கு ஒரு வீடு. நான் பாதுகாக்க நினைத்தது முதலாவதை. இரண்டாவது இல்லாமல் முதலாவது பத்து வருஷம்கூட நிற்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. காலையில் ஒருவர் எழுந்து கதவுகளைத் திறப்பதால்தான் காற்று ஓடுகிறது. ஒருவர் பெருக்குவதால்தான் கரையான் புற்று கண்ணில் படுகிறது. ஒருவர் மழையில் விழித்துக்கொண்டிருப்பதால்தான் எந்த ஓடு நகர்ந்தது என்பது தெரிகிறது. ஆளில்லாத வீட்டில் ஓர் ஓட்டின் விரிசல் உத்தரத்தின் மரணமாக முடியும். அந்த வீட்டின் முதன்மையான பராமரிப்புப் பொருள் சுண்ணாம்பு அல்ல, சின்னாத்தாள்.

*

தூய்மைவாதத்துக்கு எதிராக வரலாறே சாட்சி சொல்கிறது. எந்த 1909-க்குத் திரும்பப் போகிறோம்? நாம் மரபின் உச்சம் என்று கொண்டாடும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த கலவையும் பிறகு ஈரக் கலவையும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளைக்கே போவதில்லை. அதை இறுக வைப்பது எது? சிமெண்டு. 1824-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பொருளின் பேரப்பிள்ளை அது. கட்டிய காலத்தில் அது புதுமோஸ்தர். துப்பாக்கிச் சிப்பாய்களும் புதுமோஸ்தர். பெல்ஜியம் கண்ணாடியும் இங்கிலாந்து இரும்பும் அவ்வாறே. எங்கள் ஐயாக்கள் கப்பலில் எது வந்தாலும் வீட்டுக்குள் இடம் கொடுத்தவர்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு மேற்கத்தியக் கோப்பைக்கு இடமில்லை என்று சொன்ன நான்தான் மரபை மீறியவன்.

கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-ல் நண்பர்களோடு பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது, இடிப்பவர்களைவிடவும் ‘மீட்டெடுப்பவர்களை’ எதிர்த்துத்தான். அன்று இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களின் பிற்காலச் சேர்க்கைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாங்களாகக் கற்பனை செய்துகொண்ட ஓர் ஆதி நிலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மோரிஸின் தரப்பு வேறு. கட்டடத்தில் எல்லாக் காலத்தின் கையும் பட்டிருக்கிறது, எந்தக் கையையும் துடைக்காதே. அன்றாடம் கவனித்துச் சிதைவைத் தடு. ஒட்டுப்போட்டால் அது ஒட்டு என்று தெரியட்டும். நூற்றைம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகியும் இதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக என் தரப்பு இதுதான். பழைய வீட்டில் மாற்றம் கூடுமா கூடாதா என்பது தவறான கேள்வி. கேட்கவேண்டியவை இரண்டு. இந்த மாற்றம் சுவரின் மூச்சையும் நீரின் வழியையும் அடைக்கிறதா? நாளை வேறொருவர் வேண்டாம் என்று நினைத்தால் இதைக் கழற்ற முடியுமா? முதல் கேள்வி உறுதிக்கானது, இரண்டாவது பணிவுக்கானது. இரண்டிலும் தேறும் எதுவும் வீட்டுக்குள் வரலாம். அழகு பிறகு தானாக வரும்.

*

இந்த இரண்டு கேள்விகளோடு செய்த வேலைகளைச் சொல்கிறேன். அறிவுரையாக அல்ல, அனுபவமாக.

முதலில் கூரை. சுவருக்கு வண்ணம், திரைக்குத் துணி என்றுதான் மனம் ஓடும். ஆனால் மேலே ஒழுகும்போது கீழே செய்வதெல்லாம் வீண்செலவு. நாட்டு ஓட்டைப் பிரித்து, நல்லதைப் பொறுக்கி மறுபடி அடுக்கி, கெட்டுப்போன சட்டங்களை மட்டும் மாற்றினோம். வளவைச் சுற்றிச் சரியும் கூரைகள் மழையை உள்முற்றத்தில் இறக்குகின்றன. அங்கிருந்து வடிகால் வழியாக அந்த நீர் ஊருணிக்குப் போகவேண்டும் என்பது பழைய கணக்கு. வடிகாலில் இருபது வருஷத்துக் குப்பை. அதை எடுத்ததுமே கீழ்ச்சுவரின் ஓதம் பாதியாகக் குறைந்தது. எங்கள் செலவிலேயே மிகக் குறைவான செலவு அதுதான்.

முற்றத்தை மூடிவிடலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும், எங்களிடமும் வந்தது. கண்ணாடியிழைத் தகடு போட்டால் மழையும் வராது, குரங்கும் வராது. ஆனால் அந்தத் திறப்பின் வழியாகத்தான் வீட்டின் சூடு மேலேறிப் போகிறது. மூடினால் சித்திரையில் வளவு அடுப்பாகும். திருடனுக்கும் குரங்குக்கும் இரும்புக் கம்பி வலை போதும். அதைப் போட்டோம். வானத்தைக் கம்பிக்குள் பார்ப்பது முதலில் வருத்தமாக இருந்தது. சின்னாத்தாள் இப்போது பயமில்லாமல் தூங்குகிறார். அந்தப் பேரத்தில் எனக்கு வருத்தமில்லை.

சுவரில் பழைய சிமெண்டை முழுக்கக் கொத்தவில்லை. இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் கொத்தினால் செங்கல்லின் முகமும் கூடவே பெயர்ந்து வருகிறது. தட்டிப் பார்த்துப் பொள்ளலாக ஒலித்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்க வெறுமனே காயவிட்டோம். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு வேலை நின்றுபோய்விட்டதா என்றார்கள். சுவர் காய்வதும் வேலைதான் என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது பூச்சைவிடக் கடினமாக இருந்தது. பிறகு சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பழைய முட்டைப் பூச்சின் பளபளப்பு இதற்கு இல்லை. ஒட்டு ஒட்டாகவே தெரிகிறது; தெரியட்டும். தூண்களின் எனாமலைப் பொறுமையாகச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தோம். பர்மாக் காடு மறுபடி நிறம் காட்டியது.

மின்கம்பிகளைச் சுவரை வெட்டிப் பதிக்கவில்லை. முற்காலத்தில் மரப்பட்டிக்குள் கம்பி ஓடியதுபோல வெளியிலேயே, உத்தரத்தின் ஓரமாக, குழாய்க்குள் ஓடவிட்டோம். தனிஸாகி ஒளித்துவைக்கத் தவித்த கம்பியை ஒளிக்காமலே விட்டுவிடுவது ஒரு விடுதலை. விளக்குகள் மஞ்சள் ஒளி. வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் பிணவறைபோல் இருந்த வளவு, தாழ்வான நாலு மஞ்சள் விளக்கில் கதகதப்பாகிவிட்டது. பெரிய வீட்டை முழுக்க வெளிச்சமாக்க முயலக்கூடாது. இருக்கும் மூலைக்கு மட்டும் ஒளி கொடுத்துவிட்டு மிச்சத்தை இருட்டிடம் விட்டுவிடவேண்டும். இதில் மட்டும் தனிஸாகியின் கட்டுரை நூற்றுக்கு நூறு சரி.

கழிப்பறையை இரண்டாம் கட்டின் வெளிப்புறச் சுவரை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், தனிச் சுவரோடு கட்டினோம். குழாய் எதுவும் பழைய சுவருக்குள் போகவில்லை. அது முழுக்கச் சிமெண்டுதான். ஈரம் புழங்கும் இடத்துக்கு அது பொருத்தம். நான் சிமெண்டின் பகைவன் அல்லன். தரையில் சொரசொரப்பான கல். சின்னாத்தாள் படுக்கும் இடத்திலிருந்து எட்டு அடி. வழியில் படி இல்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி.

பட்டாலையின் வடகோடியில் மரத்தடுப்பால் ஓர் அறை. தடுப்பு தரையிலும் தூணிலும் ஆணி அடிக்காமல் தன் காலிலேயே நிற்கிறது. நாலு திருகாணியைக் கழற்றினால் பழைய பட்டாலை திரும்பிவிடும். உள்ளே கட்டில், ஐயாவின் சாய்வு நாற்காலி, தரையில் கோரைப்பாய். கிழிந்துபோன பழைய கண்டாங்கிச் சேலைகளை இரட்டையாக மடித்துத் தைத்து மெத்தை விரிப்பாகவும் வாசல் திரையாகவும் ஆக்கியது சின்னாத்தாளின் யோசனை. சீர்ச் சாமான் அறையில் பூட்டியிருந்த எனாமல் கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன. விரிசல் விழுந்துவிடுமே என்றேன். “பூட்டி வச்சா மட்டும் பேசுமா?” என்றார்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. கிடைத்தாலும் காத்திருக்கவேண்டும், நாள் கூடும்போது கூலியும் கூடும். உண்மைதான். ஆனால் 1994-ன் மலிவான வேலைக்கு நாங்கள் இருமுறை விலை கொடுத்தோம், போட்டதற்கு ஒருமுறை, எடுத்ததற்கு ஒருமுறை. நூறு வருஷம் நிற்கும் சுவரில் பத்து வருஷக் கணக்குப் போடுவது சிக்கனம் ஆகாது.

இன்னொன்று, இந்த வீடுகளை விடுதிகளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்பது. சில வீடுகள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் வேலை மிக நேர்த்தியாகவும் நடந்திருக்கிறது. அதை மறுக்கமாட்டேன். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் நல்லதே. ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அத்தனை விருந்தினர்கள் வரப்போவதில்லை. பெரும்பாலான வீடுகளின் கதி அவற்றின் பங்காளிகள் கையில்தான் இருக்கிறது. எல்லா வீடுகளையும் காட்சிப்பொருளாக்கினால், நம்மிடம் வீடுகள் எஞ்சும், வசிக்கத் தெரிந்தவர்கள் எஞ்சமாட்டார்கள். கொல்லைக் கதவை எந்தப் பருவத்தில் எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. அது சின்னாத்தாளின் கையில் இருக்கிறது.

கடைசியாக மிகக் கடினமான கேள்வி. அவருக்குப் பிறகு? எங்கள் தலைமுறையில் யாரும் அங்கே போய்க் குடியிருக்கப் போவதாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒற்றை முதியவருக்காக இவ்வளவு செலவா என்று ஒரு பங்காளி கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி என்று சொல்லமாட்டேன். என் பதில் இவ்வளவுதான்: குடியிருக்க முடியாத வீட்டுக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். முடிகிற வீட்டுக்கு ஒருவேளை திரும்பலாம். அந்த ‘ஒருவேளை’க்காகத்தான் இத்தனையும்.

சென்ற கோடையில் பெங்களூரிலிருந்து தம்பி மகள் பிள்ளைகளோடு வந்து இரண்டு வாரம் தங்கினாள். முன்பெல்லாம் காரைக்குடியில் விடுதி எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் வீட்டை எட்டிப்பார்த்துவிட்டுப் போவாள். இந்த முறை பிள்ளைகள் வளவில் பாய் விரித்துப் படுத்தார்கள். கம்பி வலைக்கு மேலே நட்சத்திரம் எண்ணினார்கள். அதிலிருந்து பெரிய முடிவு எதற்கும் நான் வரவில்லை. இன்னும் இரண்டு புள்ளிகளின் பங்குப் பணம் வரவில்லை. முகப்பின் ஓடு இந்த மழைக்குத் தாங்குமா என்பது தெரியாது. கஜலட்சுமியின் இடப்பக்கச் சிப்பாய்க்குத் துப்பாக்கி உதிர்ந்துவிட்டது.

கைப்பிடியைப் பொருத்திய அன்று சின்னாத்தாள் அதைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “கெட்டியாத்தான் இருக்கு” என்றார். அந்த வீட்டில் நடந்த எல்லா வேலைக்கும் கிடைத்த ஒரே விமரிசனம் அது.